அறிவிக்காத நாற்காலி

காலை ஒன்பது மணிக்குள் ஏழு அழைப்புகள் வந்துவிட்டன. ஏழும் மாணவர்கள். 'ஹலோ' என்ற முதல் சொல்லிலேயே மாரிவிக்குக்குத் தெரிந்துவிடும். மனப்பாடம் செய்த ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியங்கள் கடகடவென்று வரும், மூன்றாவதில் மூச்சு முட்டும், பிறகு, "மேடம், ஒண்ணு கேக்கலாமா?" என்று குரல் வீட்டுப் பேச்சுக்கு இறங்கிவிடும். பிப்ரவரி பிறந்தால் இப்படித்தான். ஐந்நூறு மணி நேரம் ஏதாவது ஓர் அலுவலகத்தில் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் கொண்டுபோனால்தான் பட்டம். நிதி படிக்கிற பிள்ளைகள் மகாத்தி வணிக வட்டாரத்தின் உயரமான கட்டடங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு வருவார்கள்.

"இப்போதைக்கு இடம் எதுவும் இல்லைங்க. எங்க வெப்சைட்டப் பார்த்துக்கிட்டே இருங்க."

இந்த வாக்கியம் பிளாஸ்டிக் உறை போட்ட தாளில் அச்சாகி வரவேற்பு மேஜையின் உள்பக்கம் ஒட்டியிருந்தது. இந்தப் பங்குத் தரகு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுத் தலைவி ரெஹீனா மேடம் ஒட்டியது. வெப்சைட்டில் அப்படி ஒரு பக்கமே கிடையாது என்பது ரெஹீனாவுக்கும் தெரியும், மாரிவிக்குக்கும் தெரியும்.

ஆனாலும் ஒவ்வொரு ஏப்ரலிலும் மாரிவிக் மூன்று புதிய அடையாள அட்டைகள் அச்சடிப்பாள். போன வருஷம், முதலாளியோடு கோல்ஃப் ஆடுகிறவரின் மகள், ஒரு வங்கி அதிகாரியின் தங்கை மகன், பெரிய வாடிக்கையாளர் ஒருவரின் மருமகள். எந்தப் பத்திரிகையிலும் விளம்பரம் வந்ததில்லை. ஒருநாள் காலையில் கையில் காபியோடு லிஃப்டிலிருந்து இறங்குவார்கள். உள்ளே நாற்காலி தயாராக இருக்கும்.

பொது மின்னஞ்சல் பெட்டியைத் திறப்பதும் மாரிவிக்கின் வேலைதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாணவர்களின் கடிதங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்துவிட வேண்டும். முதல் தடவை சொல்லிக் கொடுத்தபோது ரெஹீனா சிரித்தாள். "படிச்சுப் பார்க்காத, மாரிவிக். படிச்சா பாவமா இருக்கும்."

மாரிவிக் சில சமயம் படித்துவிடுவாள். பாவமாகத்தான் இருக்கும்.

டானிகா என்ற மாணவி செவ்வாய்க்கிழமைகளில் கூப்பிட்டாள். முதல் செவ்வாயும் இரண்டாவது செவ்வாயும் மற்றவர்களைப் போலத்தான். மூன்றாவது செவ்வாய், மாரிவிக் வாக்கியத்தைத் தொடங்கியதும் மறுமுனையிலிருந்து அதே வாக்கியம் கூடவே வந்தது, ஒரே தாளத்தில். இரண்டு பேரும் சேர்ந்து முடித்தார்கள்.

"கிண்டலாம்மா?" என்றாள் மாரிவிக்.

"ஐயோ, இல்லக்கா. எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. இந்த ரோட்டுல நாப்பத்தோரு கம்பெனிக்குப் பேசிட்டேன். நீங்க ஒருத்தர்தான் முழுசாச் சொல்லி முடிக்கிற வரைக்கும் ஃபோன வைக்காம இருக்கீங்க."

மாரிவிக்குக்குச் சிரிப்பு வந்தது. கீழே ஒட்டியிருந்த தாளைப் பார்த்தபடி, "சரிம்மா, வச்சிடறேன்," என்று வைத்தாள்.

அடுத்த வாரம் டானிகா நேரில் வந்து நின்றாள். ஒல்லியான பெண். கறுப்பு கோட்டு யாரிடமோ வாங்கிப் போட்டது. கை நீளத்தை உள்பக்கம் மடித்து ஊக்கு குத்தியிருந்தாள். அவள் ஊரான மலபோனில் கடல் பொங்கி வந்த வெள்ளம் வடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அவள் காலணியின் ஓரங்களில் சேறு வெள்ளைக் கோடாகக் காய்ந்திருந்தது. கையில் பழுப்பு உறை.

"மேடம்கிட்ட குடுக்கணும்க்கா."

"வச்சிட்டுப் போம்மா. குடுத்துடறேன்."

டானிகா உறையை மேஜையில் வைத்தாள். விரலை எடுக்கவில்லை. "நெசமாவே குடுப்பீங்களா?"

மாரிவிக் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் மெதுவாக விலகியது. உறை, இழுப்பறையில் இருந்த மற்ற உறைகள் மேல் விழுந்தது.

மதியம் கட்டடத்துக்குப் பின்னால் உள்ள தகர வண்டிக்கடையில் மாரிவிக் சாப்பிடுவாள். உள்ளே சாப்பாட்டு அறை இருந்தது. ஆனால் கருவாடு கொண்டுவந்தால் நாற்றம் அடிக்கிறது என்று யாரோ எழுதி ஒட்டிய பிறகு, ஏஜென்சி மூலம் வந்த அவளைப் போன்ற ஆட்கள் யாரும் அங்கே போவதில்லை. கடையில் கூட்டம் அதிகம். சோறும் பாசிப்பயறும் வாங்கி நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தவளின் முழங்கைக்குப் பக்கத்தில் அதே கறுப்பு கோட்டு.

"பின்னாடியே வந்துட்டியா?"

"இல்லக்கா, பசி. இங்கதான் வெல கம்மி." டானிகா ஒரு தட்டுச் சோறு மட்டும் வாங்கி, இலவசமாகக் கிடைக்கும் குழம்பை ஊற்றிக்கொண்டாள். பாதி சாப்பிட்டதும் தட்டைப் பார்த்தபடியே கேட்டாள். "அக்கா, நீங்க எத்தன வருஷமா அந்த மேஜையில இருக்கீங்க?"

"நாலு ஆகப்போகுது."

"இந்த நாலு வருஷத்துல எங்க காலேஜ்ல இருந்து ஒருத்தராவது உள்ள போயிருக்காங்களா? எங்க காலேஜ்னு இல்ல. எந்த அரசாங்கக் காலேஜாவது?"

மாரிவிக் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினாள். மூன்று ஏப்ரல், மூன்று மூன்றாக ஒன்பது அட்டைகள். ஒன்பது முகங்களும் நினைவில் இருந்தன.

"நீ என்ன எழுதி அந்த உறையில வச்சிருக்க?"

"மார்க்கு, சர்டிஃபிகேட், ஒரு லெட்டர்."

"அது எல்லார்கிட்டயும் இருக்கு."

"வேற என்ன இருக்கு என்கிட்ட? எங்கம்மா பெட்டிக்கடை வச்சிருக்காங்க. அத எழுதவா?" என்று டானிகா சலிப்போடு சிரித்தாள். "ஷாம்பு பாக்கெட்டு, காபி பாக்கெட்டு. சின்ன வயசுல இருந்து அதத்தான் எண்ணிட்டிருக்கேன். இப்பகூடப் பாருங்க, அந்தச் சாக்லேட் பவுடர்க்காரன் பாக்கெட்ட இருபத்தஞ்சு கிராம்ல இருந்து இருபத்திரண்டு ஆக்கிட்டான். வெல அதேதான். எங்க தெருவுல எல்லாரும் மத்ததுக்கு மாறிட்டாங்க. கடைக்காரங்களுக்குத் தெரியுது, பேப்பர்ல இன்னும் வரல."

மாரிவிக்கின் கரண்டி நின்றது. அந்தச் சாக்லேட் பவுடர்க் கம்பெனியின் பெயரை அவள் போன வாரம் முழுவதும் கேட்டிருக்கிறாள். ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர் நெஸ்டர் சார், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்தப் பங்கு ஏன் இறங்குகிறது என்று ஆட்களிடம் கத்திக்கொண்டிருந்தார். யாருக்கும் தெரியவில்லை.

"இத எழுது," என்றாள்.

"எத?"

"இப்ப சொன்னியே, அத. ஒரே பக்கம். மார்க்கு கீர்க்கெல்லாம் அடியில போடு." சுற்றுமுற்றும் பார்த்தாள். கடைக்காரியின் காகிதக் கைக்குட்டை ஒன்றை உருவி, பேனாவால் கிழியாமல் மெல்ல எழுதினாள். "பொது ஐடிக்கு அனுப்பாத. அத நான்தான் திறப்பேன். திறந்து நான்தான் அழிப்பேன். வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம."

டானிகா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்படிப் பார்க்காத. எனக்கு அதுதான் வேல." காகிதத்தை நீட்டினாள். "இது நெஸ்டர் சாரோடது. ஏழு மணிக்கே வந்துடுவாரு, மார்க்கெட் திறக்கறதுக்கு முன்னால. அப்ப மட்டும்தான் யாரும் அவரத் தொந்தரவு பண்ணமாட்டாங்க. ஆறே முக்காலுக்கு அனுப்பு. புரியுதா?"

ஒன்பது நாள் எதுவும் நடக்கவில்லை. பத்தாம் நாள் நெஸ்டர் சார் அறையிலிருந்து நேராக வரவேற்பு மேஜைக்கு வந்து, "டானிகான்னு ஒரு பொண்ணு வரும். பத்து மணிக்கு. நேரா என்கிட்ட அனுப்பு," என்றார். மாரிவிக், "சரி சார்," என்று குறித்துக்கொண்டாள். அவர் போன பிறகுதான் பேனாவை மூடி போடாமலே பாக்கெட்டில் செருகியிருந்தது தெரிந்தது. சட்டையில் நீலம் பரவிவிட்டது. அன்றைக்கு முழுவதும் சீருடையின் கழுத்துக்குட்டையை அந்த இடத்தில் இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தாள். எரிச்சலே வரவில்லை.

அந்த ஏப்ரலில் நான்கு அட்டைகள் அச்சடித்தாள். நான்காவது அட்டையின் படத்தில் டானிகா கண்களை அகலமாகத் திறந்து வைத்திருந்தாள். நாற்காலி மூன்றுதான் ஒதுக்கியிருந்ததால் அவளுக்கு அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு மடக்கு மேஜை போட்டார்கள். ஜன்னலோர இடத்தில் மீகோ உட்கார்ந்தான். பெரிய வாடிக்கையாளர் ஒருவரின் மகன். நல்ல பையன்தான். லிஃப்ட் கதவைப் பிடித்து நிற்பான்; "குட்மார்னிங் மாரிவிக்" என்று பெயர் சொல்லிப் போவான். அவன் எந்தக் கடிதமும் எழுதியதில்லை என்று அவனே ஒருநாள் வெகுளியாகச் சொன்னான். "அப்பா ஃபோன் பண்ணாரு."

மே மாதத்தின் முதல் திங்கள்கிழமை முழு அலுவலகத்துக்கும் கூட்டம். ஏஜென்சி ஆட்களும் பின்னால் நிற்கலாம் என்றார்கள். டானிகாவின் கடிதத்தை வைத்து நெஸ்டர் சார் எழுதிய சாக்லேட் பவுடர் அறிக்கை நல்ல பெயர் வாங்கியிருந்தது. முதலாளி டானிகாவை முன்னால் அழைத்தார்.

"எந்த சிபாரிசும் இல்ல. யாரையும் தெரியாது. நேரா நெஸ்டருக்கு எழுதியிருக்கு இந்தப் பொண்ணு. இந்தத் துணிச்சல்தான் நமக்கு வேணும்," என்றார் முதலாளி. "எப்படிம்மா கண்டுபிடிச்ச, நெஸ்டர் ஐடிய? தன் பொண்டாட்டிக்கே அவரு குடுக்கமாட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். டானிகாவின் முகம் சிவந்திருந்தது. கூட்டத்தில் தேடி, பின்வரிசையில் மாரிவிக்கைக் கண்டதும் மலர்ந்தது.

"நான் கண்டுபிடிக்கல சார். மாரிவிக் அக்காதான் குடுத்தாங்க. அவங்க இல்லன்னா நான் இங்க இல்ல."

எல்லோரும் திரும்பிக் கைதட்டினார்கள். மாரிவிக்குக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நான்கு வருஷத்தில் அந்த அறையில் அவளுக்காகக் கை தட்டியது அதுதான் முதல் தடவை. ரெஹீனா மேடமும் தட்டினாள். புன்னகையோடு, விரல் நுனிகளால்.

அந்த வாரமே நெஸ்டர் சாருக்கு மாணவர்களின் கடிதங்கள் வரத் தொடங்கின. முதல் நாள் நான்கு, மறுநாள் பதினொன்று, வெள்ளிக்கிழமைக்குள் அறுபதைத் தாண்டிவிட்டது. எல்லாம் காலை ஆறே முக்காலுக்கு. அவர் அறையிலிருந்து, "என்ன எழவு இது!" என்ற சத்தம் மாரிவிக்கின் மேஜை வரை கேட்டது.

அன்று மதியம் வண்டிக்கடையில் டானிகாவைப் பிடித்தாள். "யாருக்காவது குடுத்தியா?"

"மூணு பேருக்குத்தான்க்கா." டானிகாவின் குரல் இறங்கியது. "என் கூடப் படிக்கிறவங்க. இன்னும் எங்கயும் கெடைக்கல. அழுதாங்க. நான் என்ன பண்றது? நீங்க எனக்குக் குடுத்தீங்கல்ல?"

மாரிவிக்குக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை. தான் செய்ததைத்தான் இவளும் செய்திருக்கிறாள். "சாப்பிடு," என்றாள்.

மாரிவிக்கைக் கம்பெனி நேரடியாக வைத்திருக்கவில்லை. ஓர் ஏஜென்சி அனுப்பிய ஆள். ஐந்து மாத ஒப்பந்தம். ஆறாவது மாதம் தொட்டால் நிரந்தரமாக்க வேண்டிவரும் என்பதால், ஐந்து முடிந்ததும் ஒரு வாரம் வீட்டில் உட்கார வைத்துவிட்டுப் புதிய தாளில் கையெழுத்து வாங்குவார்கள். இதுவரை ஒன்பது தாள். பத்தாவதுக்கான நேரம் மே கடைசியில் வந்தது. ஏஜென்சியில் ஃபோனை எடுத்த பெண்ணுக்கு மாரிவிக்கின் பெயரே தெரியவில்லை. எண்ணைச் சொன்ன பிறகு தேடிப் பார்த்தாள்.

"புதுப்பிக்க வேணாம்னு எழுதியிருக்காங்க."

"ஏன்னு போட்டிருக்கா?"

"அதெல்லாம் போடமாட்டாங்க. முடிஞ்சுதுன்னா முடிஞ்சுது. வேற எடம் வந்தா கூப்பிடறோம். வயசு என்ன? முப்பத்தாறா? ம்... ரிசப்ஷனுக்கு இருபத்தெட்டுக்குள்ளதான் கேக்கறாங்க. பார்க்கலாம்."

அவள் ரெஹீனாவின் அறைக் கதவைத் தட்டினாள். ரெஹீனா எழுந்து வந்து கதவைச் சாத்திவிட்டு, உட்காரச் சொன்னாள். மாரிவிக் உட்காரவில்லை.

"உன் மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல, மாரிவிக். நல்லா வேல பார்த்த. ஆனா அந்த மேஜைக்கு இருக்கிற ஒரே மரியாத என்ன சொல்லு? வெளிய இருக்கறவங்கள வெளிய நிறுத்தறது."

"ஒரு அட்ரஸ்தான் மேடம் குடுத்தேன். அந்தப் பொண்ணால கம்பெனிக்கு நல்லதுதானே ஆச்சு? பாஸே சொன்னாரே."

"அந்தப் பொண்ணு கெட்டிக்காரி. அது வேற," என்றாள் ரெஹீனா. "அதோட துணிச்சலுக்கு அத எடுத்தோம். நீ பண்ணது துணிச்சல் இல்ல, நம்பிக்கத் துரோகம். நான் அப்படிச் சொல்லல, பேப்பர்ல அப்படித்தான் வரும். அதான் பேப்பர்ல எதுவும் எழுத வேணாம்னு சொல்லிட்டேன். உனக்குத்தான் நல்லது. அடுத்த எடத்துல கேக்கமாட்டாங்க."

சொல்ல ஏராளம் இருந்தது. மாரிவிக் சொன்னது, "சரிங்க மேடம்," மட்டும்தான். அதையே வெளியே வந்து நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பத்தேரோஸில் இருந்த வீட்டுக்கு அவள் போனபோது கணவன் வாடகைக்கு ஓட்டும் ட்ரைசைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னாள். அவன் துணியைப் பிழிந்து உதறினான். "யாரோ ஒரு பொண்ணு. சொந்தமா, பந்தமா? உனக்கென்னடி வந்துச்சு?" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, அவனே, "அந்தப் பொண்ணு உள்ளயே இருக்குதுல்ல? அது போதும்," என்றான். மகள் வாசலில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழாதபடி இரண்டு பேரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

ஜூன் இரண்டாம் வாரம், பாக்கி எதுவும் இல்லை என்ற க்ளியரன்ஸ் தாளில் ரெஹீனாவின் கையெழுத்து வாங்குவதற்காக மாரிவிக் திரும்ப வந்தாள். அது இல்லாமல் ஏஜென்சி வேறு எங்கேயும் அனுப்பாது. சீருடை இல்லாமல் அந்தக் கட்டடத்துக்கு வருவது புதிதாக இருந்தது. கீழே காவலாளி பெனோங் அண்ணன் தலையைச் சொறிந்தபடி, "தப்பா நெனைக்காத தங்கச்சி," என்று பையைத் திறந்து குச்சியால் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

இருபத்து மூன்றாம் மாடியில் லிஃப்ட் திறந்தது. வரவேற்பு மேஜையில் டானிகா உட்கார்ந்திருந்தாள்.

ஒரு காதில் ஃபோன். மாரிவிக்கைப் பார்த்ததும் பாதி எழுந்தாள். ஃபோன் கம்பி இழுத்தது. மறுபடி உட்கார்ந்து பேசி முடித்தாள்.

"அக்கா!" கோட்டு இல்லை. கழுத்தில் மாரிவிக் கட்டுகிற அதே நிறக் கழுத்துக்குட்டை. "ஏஜென்சி இன்னும் ஆள் அனுப்பல. அதுவரைக்கும் இங்க உக்காருன்னு சொல்லிட்டாங்க. ரெண்டு வாரமாச்சு."

"அப்ப அந்த ஆராய்ச்சி வேல?"

"மீகோ பார்க்கறான். நான் குறிப்பு எழுதிக் குடுக்கறேன், காலையில சீக்கிரமா வந்து." அவள் மேஜை மேல் இருந்த பேனாவை நேராக வைத்தாள். "இன்னும் நூத்திப்பத்து மணி நேரம் இருக்குக்கா. இங்க உக்கார்றதும் கணக்குல சேரும்னு மேடம் சொன்னாங்க. நெஸ்டர் சார்கிட்டப் போனேன். உங்களுக்காக. ஏஜென்சி விஷயம்மா, நீ தலையிடாத, மொதல்ல உன் சர்டிஃபிகேட்ட வாங்குன்னாரு." பேனாவை மறுபடி நேராக்கினாள். "நான் நன்றி சொல்லத்தான்க்கா அன்னிக்கு..."

அந்த நன்றியை மனசுக்குள்ளேயே வைத்திருந்திருக்கக் கூடாதா என்று மாரிவிக் பல நாள் கேட்டிருக்கிறாள், பஸ்ஸிலும் அடுப்படியிலும். இப்போது எதிரே பார்க்கையில், அந்தப் பெண்ணின் வலது காதுமடல் ஃபோன் அழுத்திச் சிவந்திருந்ததுதான் கண்ணில் பட்டது.

"காத மாத்தி மாத்தி வை," என்றாள். "இல்லன்னா ராத்திரி வலிக்கும்."

டானிகா தலையசைத்தாள். உள்ளே ஃபோனில் கூப்பிட்டுத் தணிந்த குரலில் பேசினாள். கேட்டாள். மறுபடி பேசினாள். ஃபோனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, "மேடம் மீட்டிங்ல இருக்காங்களாம். உள்ள விட வேணாம், வெளியவே காத்திருக்கச் சொல்லுன்னு..." என்றாள்.

"சரி. நான் உக்காந்துக்கறேன்."

லிஃப்டுக்கு எதிரே விருந்தினருக்கான தோல் சோபா இருந்தது. மாரிவிக் அதன் ஓரத்தில் உட்கார்ந்தாள். நினைத்ததைவிடத் தாழ்வாக அமிழ்ந்தது. தாளை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். பளிங்கு மேஜையின் முன்பக்கம் அத்தனை உயரம் என்று அவளுக்குத் தெரியாது. அந்த இடத்திலிருந்து பார்த்தால், மேஜைக்குப் பின்னால் இருப்பவளின் முகம் தெரியவில்லை. நன்றாக வாரிய தலை உச்சி மட்டும் தெரிந்தது, கொஞ்சம் நெற்றி. ஃபோன் அடித்ததும் அது குனிந்தது.